கத்திப் பிடிக்குக் கயிறு: அவிழ்க்கக்கூடிய சுற்றே சென்னைக்கு ஏற்றது

மடக்காத சிறு கத்திகளில் ஒரு வகை உண்டு. அலகும் பிடியும் ஒரே எஃகுத் தகட்டிலிருந்து வெட்டி எடுக்கப்பட்டிருக்கும். பிடியில் மரமோ பிளாஸ்டிக்கோ பொருத்தப்பட்டிருக்காது. எடையைக் குறைக்கவும் கயிறு கோக்கவும் இரண்டு மூன்று துளைகள் மட்டும் இருக்கும். என் மொட்டைமாடித் தோட்டத்தில் நான் பயன்படுத்துவது அப்படிப்பட்ட கத்திதான். அலகு ஏறத்தாழ 8 சென்டிமீட்டர், பிடி 10 சென்டிமீட்டர், தகட்டின் கனம் 4 மில்லிமீட்டர். முருங்கைக் கிளையைச் சீவுவதற்கும், பந்தலில் கட்டிய கயிற்றை அறுப்பதற்கும், உரச் சாக்கின் தையலைப் பிரிப்பதற்கும் இந்த அளவு மிகப் பொருத்தமானது. ஆனால் வெறும் தகட்டைப் பிடித்துச் சிறிது நேரம் வேலை செய்தாலே அதன் விளிம்புகள் உள்ளங்கையில் அழுந்தித் தடம் பதிக்கின்றன. கை வியர்த்துவிட்டால் எஃகு வழுக்குகிறது. மார்கழியும் தையும் நீங்கலாகச் சென்னையில் மற்ற எல்லா மாதங்களிலும் கை வியர்க்கும் என்பதால், இத்தகைய கத்தியை வைத்திருப்பவர்கள் பிடிக்குக் கயிறு சுற்றுவதை அழகுக்கான வேலையாக மட்டும் எண்ண முடியாது.

கயிறு சுற்றக் கற்றுத்தருபவர்களில் பலர், சுற்றி முடித்தபின் எபாக்சிப் பசையையோ, நீர்போல் ஓடும் சூப்பர் பசையையோ கயிற்றின்மேல் ஊற்றி அதைக் கல்லாக இறுகச் செய்துவிடச் சொல்கிறார்கள். வறண்ட குளிர்நாடுகளில் அது நல்ல யோசனையாக இருக்கலாம். நம் ஊருக்கு அது ஏற்றதல்ல என்பது என் உறுதியான கருத்து. கயிற்றுப் பிடிக்கு உள்ள தனிச் சிறப்பு, அதை அவிழ்த்து, உள்ளே இருக்கும் எஃகைப் பார்த்துத் துடைத்து, மறுபடியும் கட்டலாம் என்பதே. மரப்பிடிக்கும் பிளாஸ்டிக் பிடிக்கும் இல்லாத அந்த வசதியைப் பசையால் அடைத்துவிட்டால், கயிற்றைத் தேர்ந்தெடுத்ததற்கே காரணம் இல்லாமல் போகிறது.

திருவான்மியூர், பெசன்ட் நகர், திருவொற்றியூர் என்று கடலை ஒட்டிய பகுதிகளில் குடியிருப்பவர்களுக்கு, சன்னல் கம்பியும் மின்விசிறியும் பிரிட்ஜின் அடிப்பாகமும் எவ்வளவு விரைவில் துருப்பிடிக்கும் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. கடற்காற்றில் வரும் உப்பு எஃகின் மேற்பரப்பில் படிந்து, காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்கிறது. நம் பட்டறைகளில் லாரியின் ஸ்பிரிங் பட்டையை அடித்துச் செய்யும் கத்திகள் இதனால் துருப்பிடிப்பது எல்லோரும் அறிந்ததே. ஆனால் துருப்பிடிக்காதது என்று விற்கப்படும் எஃகும் கயிற்றுக்கு அடியில் பாதுகாப்பாக இருக்கும் என்று சொல்ல முடியாது. அந்த வகை எஃகில் குறைந்தது 10.5 சதவீதம் குரோமியம் இருக்கும். அந்தக் குரோமியம் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து மேற்பரப்பில் மிக மெல்லிய படலமாகப் படிவதால்தான் எஃகு காக்கப்படுகிறது. படலம் கீறப்பட்டாலும் ஆக்சிஜன் கிடைத்துக்கொண்டிருந்தால் தானாகவே சரியாகிவிடும். ஈரமான கயிறு நெருக்கமாக மூடிய இடுக்கில் ஆக்சிஜன் குறைந்துபோவதால் படலம் தன்னைச் சரிசெய்துகொள்ள முடியாமல், உப்பிலுள்ள குளோரைடு அங்கே குத்துக் குத்தாகக் குழி பறிக்கத் தொடங்குகிறது. வெளியே பளபளவென்று இருக்கும் கத்தியின் பிடிக்குள் கரும்புள்ளிகள் தோன்றுவதற்கு இதுவே காரணம்.

பசை ஊற்றினால் நீர் உள்ளே புகாதே என்று கேட்கலாம். பசை முழுமையாக, இடைவெளியின்றி, எஃகோடு ஒட்டியிருக்கும்வரை அது உண்மைதான். ஆனால் கத்தி கீழே விழுகிறது, வெயிலில் கிடக்கிறது, எதையாவது நெம்பும்போது சற்று வளைகிறது; இறுகிய பசையில் முடியளவு வெடிப்பு விழுவதற்கு இவற்றில் ஏதேனும் ஒன்று போதும். அந்த வெடிப்பின் வழியே உள்ளே போகும் நீருக்கு வெளியே வர வழியில்லை. கிரிக்கெட் மட்டையின் பிரம்புப் பிடிமீதும் நூலைப் பசையோடு நெருக்கமாகச் சுற்றுகிறார்கள். அங்கே அது சரியான முறை, ஏனென்றால் உள்ளே இருப்பது துருப்பிடிக்காத பிரம்பு, மேலே ரப்பர் உறை வேறு வந்துவிடுகிறது, அந்த நூலை அவிழ்த்து உள்ளே பார்க்க வேண்டிய தேவையும் எழுவதில்லை. எஃகுக்கு மேலே சுற்றும்போது கணக்கு மாறுகிறது.

ஜப்பானிய வாளின் பிடியைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும், ஏனென்றால் கயிற்றுப் பிடிக்கலையில் அதைவிட முதிர்ந்த ஒன்றை நான் அறியேன். ட்சுகாமாகி என்று அழைக்கப்படும் அந்த முறையில், மரத்தாலான பிடியின்மேல் முதலில் திருக்கை மீனின் தோலை ஒட்டுகிறார்கள். காசிமேட்டில் திருக்கையை வாங்கிச் சமைத்தவர்களுக்கு அந்தத் தோலின் சொரசொரப்பு தெரிந்திருக்கும். சில வகைகளில் மணி மணியாகக் கெட்டியான முகடுகள் நிறைந்திருக்கும். அந்த முகடுகள் மேலே சுற்றும் பட்டு அல்லது பருத்தி நாடாவை நகரவிடாமல் பற்றிக்கொள்கின்றன. நாடாவின் இரு இழைகளும் பிடியின் இரு முகங்களிலும் மாறி மாறி ஒன்றையொன்று கடந்து செல்வதால் நடுவே சாய்சதுர வடிவ இடைவெளிகள் வரிசையாக உருவாகின்றன. அவை உருக்குலையாமல் இருப்பதற்காக ஒவ்வொரு மடிப்புக்கு அடியிலும் மடித்த காகிதத் துண்டுகளை வைக்கிறார்கள். இவ்வளவு நுணுக்கமாகச் செய்த பிடியை வாளிலிருந்து கழற்றுவதற்கு ஒரே ஒரு மூங்கில் ஆணியைத் தட்டி எடுத்தால் போதும். ஆணியை எடுத்ததும் பிடி முழுதாகக் கழன்று வர, உள்ளே இருக்கும் எஃகை முழுமையாகப் பார்க்க முடிகிறது. ஈரமான தீவு நாட்டில் பல நூற்றாண்டுகள் வாளைப் பேணியவர்கள் பிடியை நிரந்தரமாக மூடிவிடவில்லை என்பது எனக்கு மிகவும் பொருள் உள்ளதாகத் தோன்றுகிறது.

இனி கயிறு. பாராகார்டு என்ற பெயரில் விற்கப்படும் கயிற்றையே பெரும்பாலோர் வாங்குகிறார்கள். நைலான் 1935இல் அமெரிக்காவின் டூபான்ட் நிறுவன ஆய்வகத்தில் உருவாக்கப்பட்டது. இரண்டாம் உலகப்போரில் பாராசூட்டுகளில் பட்டின் இடத்தைப் பிடித்தது. பாராசூட்டையும் அதில் தொங்குபவரையும் இணைத்த மெல்லிய கயிறுதான் பாராகார்டு. இன்று நாம் அதிகமாகக் காணும் வகை 550 என்ற எண்ணால் குறிக்கப்படுகிறது. குறைந்தது 550 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 250 கிலோ எடையைத் தாங்க வேண்டும் என்ற அமெரிக்க ராணுவ அளவீட்டிலிருந்து வந்த எண் அது. சுமார் 4 மில்லிமீட்டர் தடிப்புள்ள அக்கயிற்றில் பின்னிய மேலுறையும் அதனுள் 7 அல்லது அதற்குச் சற்று அதிகமான முறுக்கு நூல்களும் இருக்கும். உள்நூல்களை உருவி எடுத்துவிட்டால் மேலுறை தட்டையான நாடாபோல் ஆகிவிடும். கத்திப் பிடிக்கு அந்தத் தட்டை நாடாவே நன்றாகப் படியும். கத்திப் பிடி 250 கிலோவைத் தாங்க வேண்டியதில்லை என்பதால் உள்நூல்களை எடுத்துவிடுவதில் இழப்பு எதுவும் இல்லை; அந்த நூல்கள் வேறு வேலைக்கும் உதவும்.

பாராகார்டு என்று பெயரிட்டு விற்கப்படுவதெல்லாம் நைலான் அல்ல. பாலியெஸ்டரும் பாலிபுரோப்பிலீனும் அதே நிறங்களில், அதே பின்னலில் கிடைக்கின்றன. வாங்கிவந்தபின் எது எதுவென்று அறிய வீட்டிலேயே ஒரு வழி இருக்கிறது. கயிற்றில் சிறு துண்டை வெட்டி, நீருக்குள் வைத்துப் பிசைந்து, உள்ளே இருக்கும் காற்றை முழுவதும் வெளியேற்றிவிட்டு விட வேண்டும். பாலிபுரோப்பிலீன் நீரைவிட இலேசானது என்பதால் மிதக்கும். மற்ற இரண்டும் மூழ்கும். மூழ்கிய துண்டை எடுத்து, இனிமேல் கரையாது என்னும் அளவுக்குக் கல்லுப்பு கரைத்த நீரில் போட்டால், நைலான் மிதந்து வரும், பாலியெஸ்டர் அப்போதும் மூழ்கியே கிடக்கும். நைலானின் அடர்த்தி சுமார் 1.14, செறிந்த உப்புநீரின் அடர்த்தி சுமார் 1.2, பாலியெஸ்டரின் அடர்த்தி சுமார் 1.38 என்பதே இதற்குக் காரணம். மிதந்த பாலிபுரோப்பிலீனைக் கத்திப் பிடிக்குப் பயன்படுத்த வேண்டாம் என்பேன். அது வழவழப்பானது, முடிச்சு நிற்காது, மொட்டைமாடி வெயிலில் விரைவாக நைந்துவிடும்.

நைலானுக்கும் பாலியெஸ்டருக்கும் இடையே நம் ஊரில் எதைத் தேர்வது என்பது சிந்திக்க வேண்டிய கேள்வி. சாதாரண ஈரப்பதமுள்ள காற்றிலிருந்தே நைலான் தன் எடையில் ஏறத்தாழ 4 சதவீத நீரை உறிஞ்சிக்கொள்ளும். பாலியெஸ்டர் உறிஞ்சுவது அதில் பத்தில் ஒரு பங்குதான். நீரை ஏற்ற நைலான் சற்று நீளும், காய்ந்தால் சுருங்கும். ஆகவே கயிற்றை நனைத்துப் பிழிந்து இறுக்கமாகச் சுற்றினால், காயும்போது அது தானே மேலும் இறுகிக்கொள்ளும் என்பது நைலானுக்கு உள்ள பெரிய நன்மை. அதே இயல்பினால் ஐப்பசி, கார்த்திகை மழையில் சுற்று சற்று நெகிழ்ந்தும் போகும். பாலியெஸ்டர் எந்தப் பருவத்திலும் ஏறக்குறைய ஒரே நிலையில் இருக்கும்; ஆனால் முதலில் சுற்றும்போது கை எவ்வளவு இறுக்கியதோ அவ்வளவுதான் இறுக்கம், பிறகு கூடாது. இரண்டையும் பயன்படுத்திப் பார்த்தபின், தோட்டத்தில் அடிக்கடி நனையும் கத்திக்கு மெல்லிய பாலியெஸ்டர் கயிற்றையும், வீட்டுக்குள் பார்சல் பிரிக்கவும் அட்டை அறுக்கவும் வைத்திருக்கும் கத்திக்கு நைலானையும் நான் விரும்புகிறேன்.

மெல்லிய கயிறு என்று சொல்லும்போது 2 மில்லிமீட்டர் அளவைக் குறிக்கிறேன். சிறு கத்திக்கு 4 மில்லிமீட்டர் கயிற்றை உள்நூலோடு அப்படியே சுற்றினால், பிடி கைக்கு அடங்காமல் பருத்துப்போவதோடு ஒவ்வொரு சுற்றும் தனித்தனி முகடாக விரலை உறுத்தும். பாரிமுனைப் பக்கத்துக் கயிற்றுக் கடைகளில் பல தடிப்புகளில் கிடைக்கும். வலை பின்னும் நைலான் முறுக்கு நூல் வேண்டுமென்றால் காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தைச் சுற்றியுள்ள கடைகளில் கேட்கலாம். அங்கே ஒரு கடையில், "எதுக்கு சார், வலைக்கா போட்டுக்கா?" என்று கேட்ட கடைக்காரரிடம் கத்திப் பிடிக்கு என்றதும், பக்கத்தில் உட்கார்ந்து வலை பழுதுபார்த்துக்கொண்டிருந்த பெரியவர் தம் கத்தியை எடுத்துக் காட்டினார். மரப்பிடி பிளந்துபோன இடத்தில் வலைநூலையே நெருக்கமாகச் சுற்றி, நுனியை உள்ளுக்குள் இழுத்து மறைத்திருந்தார். முடிச்சு எங்கே இருக்கிறது என்று தேடினாலும் தெரியவில்லை. "சுத்துறது பெருசு இல்ல தம்பி. ராத்திரி நல்ல தண்ணில அலசிக் காயப் போடணும். இல்லாட்டி நாறிப் போயிடும், இரும்பையும் தின்னுடும்" என்றார். இந்தப் பொருளைப் பற்றி நான் படித்த எல்லாவற்றையும்விட அந்த வார்த்தைகளே எனக்கு அதிகம் பயன்பட்டிருக்கின்றன.

தேங்காய்நார்க் கயிறு கையை அறுக்கும். சணலும் பருத்தியும் கைக்கு இதமானவை, பார்வைக்கும் அழகானவை. ஆனால் நனைந்தால் நெடுநேரம் காயாமல் எஃகின்மேல் ஈரத்துணிபோல் ஒட்டிக்கொண்டிருப்பதால், மழைக்காலத்தில் கத்தியை வெளியே எடுக்காதவர்களுக்கு மட்டுமே பொருந்தும்.

எவ்வளவு நீளம் வேண்டும் என்பதை எளிதாகக் கணக்கிடலாம். 25 மில்லிமீட்டர் அகலமும் 4 மில்லிமீட்டர் கனமும் உள்ள பிடியின் சுற்றளவு கிட்டத்தட்ட 6 சென்டிமீட்டர். கயிற்றின் தடிப்பையும் சேர்த்தால் ஒரு சுற்றுக்கு 6.5 சென்டிமீட்டர் ஆகும். 10 சென்டிமீட்டர் நீளத்தை 2 மில்லிமீட்டர் கயிற்றால் நெருக்கமாக மூட 50 சுற்றுகள் தேவை; ஆக 3.25 மீட்டர். முடிச்சுக்கும் இழுத்துப் பிடிப்பதற்கும் சேர்த்து 4 மீட்டர் எடுத்துக்கொண்டால் கவலையில்லை. நடுவில் கயிறு தீர்ந்தால் ஒட்டுப்போட்டுத் தொடர்வது நன்றாக அமையாது, முழுவதையும் அவிழ்க்கத்தான் வேண்டும்.

வேலையைத் தொடங்கும் முன் அலகை மூட வேண்டும். தடித்த அட்டையை மடித்து அலகின்மேல் போட்டு, டேப்பால் பல சுற்று ஒட்டிவிட வேண்டும். கயிற்றை முழு பலத்தோடு இழுக்கும்போது கை நழுவினால் அது போகும் திசையில் அலகு இருக்கக்கூடும் என்பதால் இதில் சோம்பல் கூடாது. கத்தியை மேசை விளிம்பில் ஒரு கிளாம்பால் பிடித்து வைத்துவிட்டு, கயிற்றை அலகுக்கு எதிர்த்திசையில், உடலின் எடையைக் கொடுத்து இழுத்தால் இறுக்கமும் கிடைக்கும், கையும் சோராது.

அடுத்து எஃகைத் தயார்செய்தல். பிடிப்பகுதியின் கூர்மையான விளிம்புகளை உப்புத்தாளால் தேய்த்து மழுக்கிவிட வேண்டும்; இல்லையென்றால் அவை கயிற்றை உள்ளிருந்தே சிறிது சிறிதாக அறுக்கும். பிறகு ஸ்பிரிட்டால் துடைத்து எண்ணெய்ப்பசையை நீக்கி, தேன்மெழுகை மெல்லிய பூச்சாகத் தேய்க்க வேண்டும். கத்தியைச் சிறிது நேரம் வெயிலில் வைத்தாலே மெழுகு இழுபடும் அளவுக்குச் சூடாகிவிடும். அடுப்பில் காட்டுவது தவறு, ஏனென்றால் அதிகச் சூடு எஃகின் பதத்தைக் கெடுத்துவிடும். எண்ணெய் தடவினால் கயிறு வழுக்கிக்கொண்டே இருக்கும். மெழுகு துருவையும் தடுக்கிறது, கயிற்றையும் ஓரளவு பற்றிக்கொள்கிறது. சைக்கிள் டியூபை அடியில் சுற்றுபவர்களும் இருக்கிறார்கள். பிடிப்பு நன்றாக இருக்கும் என்பதில் ஐயமில்லை, ஆனால் ரப்பருக்கும் எஃகுக்கும் நடுவே புகுந்த ஈரம் காய்வதே இல்லை என்பதால் அதை நான் தவிர்க்கிறேன்.

சுற்றும் முறைகள் பல இருந்தாலும் இரண்டைத் தெரிந்துகொண்டால் போதும். முதலாவது நேரான சுருள் சுற்று. காசிமேட்டுப் பெரியவரின் கத்தியில் இருந்தது அதுதான். கயிற்றின் ஒரு முனையை நீண்ட வளையமாக மடித்து, வளையத்தின் தலை பிடியின் முடிவை நோக்கியும் நுனி அலகுப் பக்கமும் இருக்கும்படி பிடியின்மேல் படுக்க வைத்து, அதன்மேலேயே அலகுப் பக்கத்திலிருந்து நெருக்கமாகச் சுற்றிக்கொண்டு வர வேண்டும். முடிவில் சுற்றிய நுனியை வளையத்தின் தலைக்குள் நுழைத்து, அலகுப் பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் மற்ற நுனியை இழுத்தால், வளையம் சுருங்கி நுழைத்த நுனியையும் தன்னோடு சுற்றுக்கு அடியில் இழுத்துக்கொள்ளும். இரு நுனிகளையும் ஒட்ட நறுக்கிவிடலாம். நீண்ட பிடியில் வளையத்தை இழுப்பது கடினம். எனவே கடைசிச் சில சுற்றுகளுக்கு மட்டும் தனியாக ஒரு நூல் வளையத்தை வைத்துக்கொள்வது நல்லது. இந்தச் சுற்று மெல்லியது, வழவழப்பானது, விரைவில் முடியக்கூடியது. ஒரே குறை, ஏதேனும் ஓரிடத்தில் கயிறு அறுந்தால் மொத்தச் சுற்றும் தளர்ந்துவிடும்.

இரண்டாவது குறுக்குச் சுற்று. கயிற்றின் நடுப்பகுதியை அலகை ஒட்டிய இடத்தில் பிடியின் ஒரு முகத்தில் வைத்து, இரு இழைகளையும் விளிம்புகளைச் சுற்றி மறுமுகத்துக்குக் கொண்டுவந்து, அங்கே அரைமுடிச்சாக ஒன்றையொன்று பின்னி இறுக்கி, கத்தியைத் திருப்பி, அடுத்த முகத்திலும் அவ்வாறே செய்துகொண்டு போக வேண்டும். ஒரு பின்னலில் வலது இழை இடதின்மேல் சென்றால், அடுத்த பின்னலில் இடது இழை வலதின்மேல் செல்ல வேண்டும். இந்த மாற்றத்தைக் கடைப்பிடிக்காமல் எப்போதும் ஒரே இழையை மேலே போட்டால், முடிச்சுகள் ஒரு பக்கமாகச் சாய்ந்து பிடி முழுவதும் திருகிக்கொண்டதுபோல் ஆகிவிடும். ட்சுகாமாகியில் மாறி மாறிக் கடப்பதை அவ்வளவு கண்டிப்பாகப் பின்பற்றுவதும் இதனால்தான். ஒவ்வொரு பின்னலும் கீழுள்ளதைப் பூட்டிவிடுவதால், ஓரிடத்தில் அறுந்தாலும் மற்றவை உடனே அவிழ்ந்துவிடுவதில்லை. கையில் பிடிப்பும் இதில்தான் அதிகம்.

பின்னல்கள் பிடியின் எந்தப் பகுதியில் விழுகின்றன என்பதைப் பெரும்பாலோர் கவனிப்பதில்லை. அவை தட்டையான முகங்களின் நடுவில் விழ வேண்டும். அங்கே உள்ளங்கையின் குழிவும் விரல்களின் மடிப்பும் அவற்றை ஏற்றுக்கொள்ளும். முதுகுப்புறத்தில் முகடு விழுந்தால், கட்டைவிரலால் அழுத்திச் சீவும்போது அந்த இடத்தில் கொப்புளம் வரும். இதே காரணத்தால் பிடியின் குறுக்குவெட்டு உருண்டையாகிவிடக் கூடாது என்பதிலும் நான் பிடிவாதமாக இருக்கிறேன். உள்ளங்கையை நிறைப்பதற்காகக் கயிற்றை அடுக்கடுக்காகச் சுற்றி உருளையாக்கிவிடுகிறார்கள். உருளையான பிடி கைக்குள் திரும்பும், கூர்ப்பக்கம் எங்கே இருக்கிறது என்பதைக் கண்ணால் பார்த்தே அறிய வேண்டியிருக்கும். முட்டைவடிவக் குறுக்குவெட்டு இருந்தால், இருட்டிலும் கைக்கு அது தெரியும். பிடியைப் பருமனாக்க வேண்டுமானால், உருவி எடுத்த உள்நூல்களை இரு முகங்களிலும் நீளவாக்கில் படுக்க வைத்து, நடுவில் சற்று அதிகமாகவும் முனைகளில் குறைவாகவும் அமைத்து, அவற்றின்மேல் சுற்றலாம். நடுவிரலும் மோதிரவிரலும் படியும் இடத்தில் பிடி சற்றுப் பருத்திருந்தால் கத்தி கையில் தானாகவே நிலைகொள்ளும். இது அவரவர் கைக்கு ஏற்ப மாறுவது. களிமண் உருண்டையை வழக்கமான பிடியில் அழுத்திப் பார்த்து, கையின் வடிவம் எங்கே குழிகிறது, எங்கே மேடாகிறது என்பதைக் கண்டுகொண்டு, அதற்கேற்ப உள்நூல்களை வைப்பதே நான் பின்பற்றும் வழி.

நிறத்தைப் பொறுத்தவரை, தோட்டத்துக் கத்திக்குக் காவி அல்லது அடர்மஞ்சள் நிறத்தைப் பரிந்துரைப்பேன். பச்சையும் கறுப்பும் புடலங்கொடிக்கு அடியில் விழுந்தால் கண்ணில் படுவதில்லை. இரு நிறக் கயிறுகளை ஒன்றாகப் பின்னுவதும் அழகாகவே இருக்கும். குறுக்குச் சுற்றில் ஒவ்வோர் இழையும் தனி நிறமாக இருந்தால், வலது இடது மாற்றம் சரியாகப் போகிறதா என்பதையும் எளிதாகக் கண்டுகொள்ளலாம்.

முடிக்கும் இடத்தில் இரு இழைகளையும் பிடியின் கடைசித் துளைக்குள் எதிரெதிர்த் திசையில் நுழைத்து இறுக்கி, ஒன்றோடொன்று முடிச்சிட்டு, நுனியை லைட்டரால் உருக்க வேண்டும். உருகிய நைலான் தோலில் ஒட்டிக்கொண்டு ஆழமாகச் சுடும். விரலால் தொடாமல், ஈரமாக்கிய கரண்டியின் பின்புறத்தால் அழுத்தித் தட்டையாக்கலாம். உருகி இறுகிய முனை கூர்மையாக நின்றால் கையைக் கீறும் என்பதால் அதை முடிச்சின் உட்புறமாகத் திருப்பிவிடுவது நல்லது. பசை வேண்டவே வேண்டாம் என்று சொல்லும் நான், இந்தக் கடைசி முடிச்சில் மட்டும் ஒரு சொட்டு வைப்பதை ஏற்கிறேன். அவிழ்க்க வேண்டிய நாளில் அந்த ஒரு முடிச்சை நறுக்கி எறிந்தால் போதும்.

நைலானை நனைத்துச் சுற்றுவதாக இருந்தால், அந்த வேலையைக் கத்திரி வெயிலில் செய்ய வேண்டும். மே மாத வெயிலில் ஒரே பகலில் கயிறு உள்வரை காய்ந்துவிடும். வடகிழக்குப் பருவமழையின்போது நனைத்துச் சுற்றினால், கயிறு காய்வதற்குள் எஃகில் துரு தொடங்கிவிடும். ஆண்டுக்கு ஒருமுறை அவிழ்த்துப் பார்ப்பதற்கு ஆயுத பூஜையையொட்டிய நாட்களைவிடப் பொருத்தமானவை இல்லை. வீட்டிலுள்ள கருவிகளையெல்லாம் கழுவித் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைக்கும் அந்த நாள், மழை தொடங்குவதற்குச் சற்று முன்பாகவே வருகிறது. கயிற்றை அவிழ்த்து, சோப்பு நீரில் அலசி நிழலில் உலர்த்தி, எஃகில் புள்ளிகள் இருந்தால் தேய்த்து எடுத்து, புதிதாக மெழுகிட்டு மறுபடியும் கட்டினால், மழைக்காலம் முழுவதற்கும் கத்தி தயாராகிவிடும். இடைப்பட்ட மாதங்களில் கத்தி நனைந்தால் நல்ல தண்ணீரில் அலசி, காற்றோட்டமான இடத்தில் தொங்கவிட்டால் போதும். ஈரத்தோடு உறைக்குள் செருகக் கூடாது.

மீன் கழுவும் கத்திக்கு நான் இதுவரை சொன்ன எதுவும் பொருந்தாது. இரத்தமும் கொழுப்பும் கயிற்றின் இழைகளுக்குள் புகுந்துவிட்டால் எவ்வளவு அலசினாலும் முழுமையாகப் போகாது. உணவுக்கு அருகில் அத்தகைய பிடியை வைப்பது உடல்நலத்துக்கு உகந்ததல்ல. வலை பழுதுபார்ப்பவரின் கத்தி கயிறு அறுப்பதற்கானது. சமையலறையில் மீனும் கறியும் வெட்டும் கத்திக்கு, எளிதில் கழுவக்கூடிய வழவழப்பான பிடியே சரி.

சட்டத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தின்கீழ் வகுக்கப்பட்ட விதிகளின் பட்டியல், 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ கொண்ட அலகுள்ள கத்திகளை ஆயுத வகையில் சேர்த்து, வீட்டுவேலைக்கும் உழவுக்கும் தொழிலுக்கும் செய்யப்பட்டவற்றுக்கு விலக்கு அளிக்கிறது. நாம் பேசும் கத்தி அந்த அளவுக்கு வெகு கீழே இருக்கிறது. ஆனாலும் அதைக் காரணமின்றி இடுப்பில் செருகிக்கொண்டு தெருவில் போவதையும், பையில் போட்டுக்கொண்டு மெட்ரோ இரயில் நிலையத்துக்குள் நுழைவதையும் நான் ஏற்கமாட்டேன். விமானத்தில் கைப்பையில் வைக்கவே முடியாது.

கயிறு சுற்றியபின் பிடி பருத்துவிடுவதால் பழைய உறை பொருந்தாமல் போகலாம். அலகை மட்டும் பிடிக்கும் உறைக்கு இந்தச் சிக்கல் இல்லை. பிடியின் ஒரு பகுதியையும் உள்வாங்கும் உறையாக இருந்தால், அந்த இரண்டு சென்டிமீட்டர் நீளத்துக்கு மெல்லிய சுருள் சுற்றும், அதன்பின் குறுக்குச் சுற்றுமாக அமைத்துக்கொள்ளலாம். கடைசித் துளையிலிருந்து வால்போல் தொங்கவிடும் கயிறு ஒரு சாண் நீளத்துக்கு மேல் இருந்தால் கொடிகளில் மாட்டிக்கொள்கிறது. நான்கு விரல் நீளம் விட்டால், உறையிலிருந்து கத்தியை இழுத்து எடுக்கவும் ஆணியில் தொங்கவிட்டு உலர்த்தவும் அதுவே போதுமானது. எந்தக் கத்திக்கு எத்தனை மீட்டர் கயிறு செலவானது, உள்நூல் எத்தனை இழை வைக்கப்பட்டது என்பதை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி உறைக்குள் செருகி வைத்தால், அடுத்த முறை கடைக்குப் போகும்போது அளவைத் தேட வேண்டியிருக்காது.